அரிசிக் கணக்கும் வானொலிச் செய்தியும்

(எமது சங்கத்தின் மகளிர், இளைஞர் அணிகளுக்காகத் தலைமன்னாரில் நடத்திய கல்வி வகுப்பில் ஆற்றிய உரை. வர முடியாமற்போன தோழர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



மலையிலிருந்து இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்திருக்கிறோம். செய்திகளை எப்படி எடைபோடுவது என்று பேச மன்னாருக்கு ஏன் போக வேண்டும், அதை அட்டனிலேயே பேசியிருக்கலாமே என்று வழியில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். செய்திக்குக் கதவு அடைக்கப்பட்ட காலங்களை இந்தத் தீவும் இந்தக் கரையும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கின்றன. உண்மையை மறைப்பதற்கு என்னென்ன செய்வார்கள், மறைத்தது எந்த வழியால் வெளியே வரும் என்பதை இங்குள்ள சனங்கள் அனுபவித்து அறிந்தவர்கள். நம்முடைய முன்னோர் இந்த நாட்டில் முதலில் கால்வைத்ததும் இந்தக் கரையில்தான். இந்த இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் நமக்குத் தெரிந்த ஒரு விஷயம். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? கணக்கப்பிள்ளை சொல்லும் கிலோவை அப்படியே நம்பிவிட்டு வருகிறோமா? இல்லை. தராசின் முள்ளைப் பார்க்கிறோம். தண்ணீருக்கு, சாக்குக்கு என்று எவ்வளவு கழித்தார் என்று கேட்கிறோம். பக்கத்தில் நிற்கும் அக்காவின் கூடையும் நம் கூடையும் ஒரே அளவு நிரம்பியிருக்க, அவருக்கு எத்தனை கிலோ போட்டார்கள் என்று பார்க்கிறோம். சந்தேகம் கூடினால், அன்றைக்கு அந்த மலையிலிருந்து பெக்டரியில் எத்தனை கிலோ இறங்கியது என்று தெரிந்தவர்களிடம் விசாரிக்கிறோம். பெக்டரிக் கணக்கு நமக்காக எழுதப்படுவதில்லை, தேயிலைத்தூள் எவ்வளவு வரும் என்று பார்ப்பதற்காக எழுதப்படுவது. அதனால்தான் அது நமக்குப் பயன்படுகிறது. இன்று நாம் சொல்லப்போவதில் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது.

1914 இல் தலைமன்னாருக்கு ரயில் வருவதற்கு முன்னர், நம் பாட்டன் பூட்டன்மார் தோணிகளில் வந்து இந்தக் கரையோரம் இறங்கி, காட்டுவழியாக மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வாந்திபேதியாலும் அம்மையாலும் பசியாலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. எத்தனை பேர் செத்தார்கள் என்று எந்தத் தோட்டப் புத்தகத்திலும் பதிவில்லை. தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவனுக்குத்தானே பேர் போடுவார்கள்? 1840களின் இறுதியில் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளில் இந்தக் கேள்வி எழும்பியபோது, பதில் தேடியவர்கள் ஒரு கழித்தல் கணக்குத்தான் செய்தார்கள். துறைகளில் பதிந்த வருகையை எடுத்தார்கள். அதிலிருந்து திரும்பிப் போனவர்களையும் தோட்டங்களில் இருப்பவர்களையும் கழித்தார்கள். மிச்சம் பல்லாயிரம் பேர் வந்தது. அந்தக் கணக்கில் ஓட்டைகள் இருந்தன. பதியாமல் தோணியேறி ஊர் திரும்பியவர்களும் இருந்திருப்பார்கள். அதைச் சொல்லித் துரைமார் பக்கம் மறுப்பும் எழும்பியது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. இந்தக் கழித்தல் கணக்கை மறந்துவிடாதீர்கள். 160 வருடங்களுக்குப் பிறகு இதே கரையில் இன்னொருவர் அதைச் செய்தார். அதற்கு வருவோம்.

போகிற வழியில் ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்து வைத்தார்கள். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு வந்த வருடங்களில் இந்தத் தலைமன்னாரில்தான் நம் உறவுகள் கப்பலேறினார்கள். பத்திரிகைகள் அவர்களை என்னவென்று எழுதின? 'தாயகம் திரும்புவோர்' என்று. லயத்துக் காம்பராவில் பிறந்து, அந்தத் தோட்டத்தைத் தவிர வேறெதையும் பார்த்திராத பிள்ளை எங்கே திரும்புகிறது? அந்த ஒரு சொல்லில் பொய் என்று தனியாகச் சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டால் வழக்கே முடிந்துவிட்டது. செய்தி வாசிக்கும்போது எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், அரசாங்கம் கொடுத்த பெயரைப் பத்திரிகையும் அப்படியே வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனித் தணிக்கைக்கு வருவோம். தணிக்கை என்றால் பொய் எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியல்ல. பாதியை எழுதவிடாமல் தடுப்பதுதான் தணிக்கை. 1998 ஜூனில் யுத்தச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் வீழ்ந்ததும், மே 3 ஆம் திகதி அது இன்னும் இறுக்கப்பட்டது. செய்திகளைத் தகுதிவாய்ந்த அதிகாரி என்று நியமிக்கப்பட்டவரிடம் காட்டி, அவர் வெட்டியது போக மிச்சத்தைத்தான் அச்சிட வேண்டும். அந்த மாதத்திலேயே கொழும்பில் சண்டே லீடரையும் யாழ்ப்பாணத்தில் உதயனையும் மூடினார்கள். லீடர் பத்திரிகை நீதிமன்றம் போனது. அந்த அதிகாரியின் நியமனமே முறைப்படி செல்லாது என்று ஜூன் கடைசியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெட்டிய கத்திக்கே உரிமம் இல்லையாம்!

சில பத்திரிகைகள் அந்தக் காலத்தில் வெட்டப்பட்ட இடத்தை நிரப்பாமல் வெறுமையாகவே விட்டு அச்சிட்டன. நம் கண்ணில் அது நேர்மையான வேலை. வெற்றிடத்தைப் பார்க்கும் வாசகனுக்கு இங்கே ஏதோ நடந்திருக்கிறது என்றாவது தெரியும். வெட்டிய இடத்தில் சினிமாப் படத்தைப் போட்டு நிரப்பினால் அதுகூடத் தெரியாது. பழகிய வாசகர்கள் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தார்கள். இன்று ஓர் ஊரில் 'எதிரியின் தாக்குதல் முறியடிப்பு'. அடுத்த கிழமை அதற்குப் பத்து மைல் பின்னால் இன்னோர் ஊரில் 'முறியடிப்பு'. வெற்றிச் செய்திகளில் வரும் ஊர்கள் பின்னோக்கி நகர்ந்தால் என்ன நடக்கிறது என்று விளங்கிக்கொள்ளலாம். தலைப்பைத் தணிக்கை செய்தாலும் ஊர்ப்பெயரை மறைக்க மறந்துவிடுவார்கள்.

இப்போது மன்னார் மாவட்டத்திலேயே நடந்த சில சம்பவங்களை எடுப்போம். ஒவ்வொன்றிலும் உண்மையைத் தேடும் வழி வேறு.

1999 நவம்பர் 20. மடுத் தேவாலய வளாகத்தில் ஆயிரக்கணக்கான இடம்பெயர்ந்த சனங்கள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். ஷெல் விழுந்தது. 40 பேரளவில் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். புலிகள் அடித்தார்கள் என்று அரசாங்கம் சொன்னது. இராணுவம் அடித்தது என்று புலிகள் சொன்னார்கள். தணிக்கை நடைமுறையில் இருந்த நேரம். கொழும்பிலிருந்து செய்தியாளர்கள் நினைத்தபடி போய்ப் பார்க்க முடியாத இடம். தோட்டத்தில் லயத்திலிருந்து வானொலி கேட்கும் ஒருவர் என்ன செய்வது? தன் மனதுக்குப் பிடித்த பக்கத்தை நம்புவதுதான் இலகு. அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. இரண்டு எதிரிகளும் எதை ஒத்துக்கொள்கிறார்கள்? தேவாலயத்தில் ஷெல் விழுந்தது, அடைக்கலம் தேடியவர்கள் செத்தார்கள். அவ்வளவையும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளலாம். ஏனென்றால் அது இரண்டு பேருக்குமே அவமானம், இருந்தும் ஒருவராலும் மறுக்க முடியவில்லை. மற்றதை, ஷெல் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று உள்ளே நின்றவர்கள் பயமின்றிப் பேசும்வரை பாதியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பாதியில் வைத்துக்கொள்வது கஷ்டமான வேலை. கூட்டத்தில் ஒருவன் 'எனக்கு இன்னும் தெரியாது' என்று சொன்னால் அவனை இரண்டு பக்கமும் சந்தேகிக்கும். ஆனாலும் அப்படிச் சொல்பவர்கள் நமக்குள் சிலராவது இருக்க வேண்டும்.

2006 ஜூன் 17. இந்தத் தீவின் வடகரையில் பேசாலை. கடலில் கடற்படைக்கும் கடற்புலிகளுக்கும் சண்டை. சனங்கள் வழக்கம்போல மாதா கோயிலுக்குள் ஓடினார்கள். கோயிலுக்குள் கைக்குண்டு வீசப்பட்டது. ஒரு மூதாட்டி செத்தார், பலர் காயப்பட்டார்கள். கரையில் மீனவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். புலிகள்தான் செய்தார்கள் என்றது படைத்தரப்பு. ஆனால் இது மடுவைப்போல அடைபட்ட இடமல்ல. செய்தியாளர்கள் வந்தார்கள். கோயிலுக்குள் இருந்த சனங்கள் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள், செய்தது கடற்படைதான் என்று. அதைச் சொல்லும்போது அவர்களுடைய ஊரைச் சுற்றிக் காவல் நின்றதே அந்தக் கடற்படைதான். அன்றிரவும் அவர்கள் அங்கேதான் படுக்க வேண்டும். கொழும்பில் ஒலிவாங்கியின் முன்னால் மறுப்புச் சொன்னவருக்கு அந்த மறுப்பால் ஒரு சதமும் நட்டமில்லை. பேசாலைத் தாய்க்குத் தான் சொன்ன வார்த்தைக்காக உயிரே போகலாம். இரண்டு சொல்லையும் பத்திரிகை பக்கத்தில் பக்கத்தில் போட்டு, 'இரு தரப்பும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுகின்றன' என்று எழுதிவிட்டால் நடுநிலை என்று பெயர். தராசில் இரண்டு தட்டையும் வெறுமனே சமமாகப் பிடித்துக் காட்டினால் அது நிறுவை ஆகுமா? சொல்வதால் யாருக்கு என்ன நேரும் என்பதையும் சேர்த்து நிறுக்க வேண்டும்.

அடுத்த ஆறு மாதத்தில் இன்னொன்று. 2007 ஜனவரி 2, இலுப்பைக்கடவைக்குப் பக்கத்தில் படகுத்துறை. விமானப்படை குண்டு போட்டது. கடற்புலிகளின் தளம் அழிக்கப்பட்டது என்று பாதுகாப்புத் தரப்பு அறிவித்தது. மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை அந்த இடத்துக்கே போனார். எரிந்துகிடந்தவை சனங்களின் குடிசைகள், செத்தவர்கள் பொதுமக்கள், அதில் பிள்ளைகளும் உண்டு என்று தன் பெயரிலேயே சொன்னார். இங்கே ஒரு பக்கம் ஆகாயத்திலிருந்து பார்த்தவர், இன்னொரு பக்கம் தரையில் நடந்து பார்த்தவர். செய்தியில் இப்படி இரண்டு பேர் வரும்போது 'போனாரா, பார்த்தாரா, பெயர் வைத்துச் சொன்னாரா' என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். 'பாதுகாப்பு வட்டாரங்கள் தெரிவித்தன' என்ற வசனத்தில் இந்த மூன்றும் இல்லை. வட்டாரம் எங்கேயும் போகாது, எதையும் பார்க்காது, நாளைக்கு அது பொய்யென்று தெரியவந்தால் வெட்கப்படுவதற்கு அதற்கு முகமும் கிடையாது.

இவ்வளவும் அரசாங்கத்தைப் பற்றியே பேசினோம். அரசாங்கம் மட்டும்தான் தணிக்கை செய்தது என்று நினைத்தால் நமக்கு இந்தக் கரையின் கதை பாதிதான் தெரியும். 1990 ஒக்டோபரில் இந்தத் தீவிலிருந்த முஸ்லிம் சனங்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம் என்று ஊர் ஊராக வெறிச்சோடியது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழ்ந்தவர்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அதைச் செய்தவர்களின் வானொலியிலும் பத்திரிகையிலும் அந்த அநியாயத்துக்கு எதிராக யார் பேச முடியும்? யுத்தத்தின் கடைசி மாதங்களிலும் அப்படித்தான். சனங்களை வெளியேறவிடாமல் தடுத்ததையும் வீட்டுக்கு வீடு பிள்ளைகளைப் பிடித்துச் சென்றதையும் புலிகளின் குரல் சொல்லவில்லை. துப்பாக்கி யாருடைய கையில் இருக்கிறதோ அவரைப் பற்றிய குற்றச்சாட்டு அந்த இடத்தின் செய்தியில் வராது. தமிழில் வருகிறது என்பதாலேயே ஒரு செய்தி நம்முடையதாகிவிடாது.

இனி அந்தக் கழித்தல் கணக்கு.

2008 செப்டெம்பரில் ஐ.நா. அமைப்புகளையும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களையும் வன்னியிலிருந்து வெளியேறச் சொன்னார்கள். சுயாதீனச் செய்தியாளர் எவரும் உள்ளே போக முடியாது. மாந்தை மேற்கு, விடத்தல்தீவு, அடம்பன் பக்கத்து மன்னார்ச் சனங்கள் ஏற்கனவே கிழக்கே கிளிநொச்சிக்கும் பிறகு முல்லைத்தீவுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். 1977 இலும் 1983 இலும் தோட்டங்களில் அடிபட்டு, வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய நம் சொந்தங்களும் அவர்களோடுதான் ஓடினார்கள். அதைச் செய்திகளில் ஒருவரும் தனியாகச் சொல்லவில்லை. நாமாவது சொல்லிக்கொள்வோம்.

2009 தொடக்கத்தில் அரசாங்கம் உள்ளே 70,000 பேரளவில்தான் இருக்கிறார்கள் என்றது. அந்த எண்ணைத்தான் அரச வானொலியும் தொலைக்காட்சியும் நாள்தோறும் சொல்லின. கடைசியில் மே மாதம் யுத்தம் முடிந்தபோது வெளியே வந்து முகாம்களில் பதிவானவர்கள் 280,000 இற்கும் மேல். 70,000 பேர் இருந்த இடத்திலிருந்து 280,000 பேர் எப்படி வெளியே வருவார்கள்? இதை ஒரு பத்திரிகையும் பெரிய தலைப்பில் கேட்கவில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த 70,000 என்ற எண்ணை வைத்துத்தான் உணவும் மருந்தும் அனுப்பப்பட்டன. பத்திரிகையில் ஓர் எண் பிழையாக வந்தது என்று விட்டுவிட முடியாது. அந்தப் பிழையால் பசியில் கிடந்தது பிள்ளைகள்.

2011 ஜனவரியில், அரசாங்கமே நியமித்த நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தது. இராயப்பு யோசப் ஆண்டகை எழுத்தில் ஒரு கணக்கைக் கொடுத்தார். முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கச்சேரிகளின் பதிவுப்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். ஐ.நா. அலுவலகத்தின் 2009 ஜூலைக் கணக்குப்படி அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேர். இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அவர் எடுத்த புத்தகம். புலிகளின் அறிக்கையை எடுக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த செய்தியை எடுக்கவில்லை. அரசாங்க அதிபரின் கச்சேரியில், கிராம சேவகர்கள் எழுதிக் கொடுத்த பதிவை எடுத்தார். அந்தப் பதிவு யுத்தத்தைப் பற்றிய வாக்குவாதத்துக்காக எழுதப்பட்டதல்ல. அரிசி, மா, சீனி எத்தனை பேருக்கு அனுப்ப வேண்டும் என்று பார்ப்பதற்காக எழுதப்பட்டது. பெக்டரிக் கணக்கு மாதிரி. செய்தியைத் தணிக்கை செய்த கை, அரிசிக் கணக்கைத் தணிக்கை செய்ய நினைக்கவில்லை.

இதற்கு மறுப்பு உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிவாரணம் கூடுதலாக எடுப்பதற்காகப் பதிவைப் பெருப்பித்திருப்பார்கள், புலிகள் அதற்கு வற்புறுத்தியிருப்பார்கள் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். பதிவில்லாமல் வெளியே போனவர்களும் இருக்கலாம். தோட்டத்தில் இல்லாத ஆளுக்குப் பேர் போடுவது நமக்குத் தெரியாத விஷயமா? ஆயரும் 146,679 பேரும் செத்துவிட்டார்கள் என்று எழுதவில்லை. கணக்குச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். ஆனால் பெருப்பிப்பு இருந்ததென்று வைத்துக்கொண்டாலும், வெளியே வந்தவர்களை ஆள் ஆளாக எண்ணிய கணக்கின் முன்னால் 70,000 நிற்காது. பொதுமக்கள் ஒருவர்கூடச் சாகாமல் யுத்தத்தை முடித்தோம் என்ற பேச்சும் நிற்காது. 2012 இல் வெளிவந்த அரச புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கெடுப்பே அந்த வருடத்தில் ஆயிரக்கணக்கான மரணங்களை எழுதியது. 40,000 பொதுமக்கள் வரை செத்திருக்கக்கூடும் என்று 2011 இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. எண்கள் ஒன்றுக்கொன்று தூரமாகத்தான் இருக்கின்றன. ஒன்று மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதுதான் பூச்சியம்.

அந்தக் கணக்குக்காக இரகசியப் பொலிஸார் ஆயரைத் தேடி வந்து விசாரித்தார்கள். 2021 ஏப்ரல் 1 இல் அவர் காலமாகும்வரைக்கும் அரசாங்கம் அந்தக் கழித்தலுக்கு வரிக்கு வரி பதில் கொடுக்கவில்லை. கேள்வி கேட்டவரைத் தேடி வந்தார்கள், கேள்வியில் இருந்தவர்களைத் தேடவில்லை.

வைத்தியர்கள் விஷயத்தையும் சொல்லாமல் போக முடியாது. யுத்த வலயத்துக்குள் வேலை செய்த அரச வைத்தியர்கள், ஆஸ்பத்திரிகளில் ஷெல் விழுகிறது, சனங்கள் சாகிறார்கள் என்று தொலைபேசியில் வெளிநாட்டு ஊடகங்களுக்குச் சொன்னார்கள். யுத்தம் முடிந்ததும் அவர்கள் கைதானார்கள். 2009 ஜூலையில் கொழும்பில் செய்தியாளர் மாநாட்டில் கொண்டுவந்து இருத்தினார்கள். புலிகளின் வற்புறுத்தலால் கூட்டிச் சொன்னோம் என்றார்கள். எதை நம்புவது? முதலில் பேசியபோது புலிகளின் பிடியில் இருந்தார்கள். பிறகு பேசியபோது அரசாங்கத்தின் தடுப்புக்காவலில் இருந்தார்கள். இரண்டு பேச்சையும் ஓரமாக வையுங்கள். அதே மாதங்களில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயக்காரரையும் நோயாளரையும் உடன் வந்தவர்களையும் 13,000 பேருக்கு மேல் ஏற்றி இறக்கியது. கட்டுப்போட்ட கை காலோடு கப்பலில் வந்து இறங்கியவர்களை யாரும் வற்புறுத்திக் கூட்டிச் சொல்ல வைக்க முடியாது. மனுஷன் சொன்ன சொல் சந்தேகமானால், அந்தச் சொல்லைத் தாண்டி எது எழுதப்பட்டது, எது ஏற்றப்பட்டது, எது புதைக்கப்பட்டது என்று தேட வேண்டும்.

லண்டன் செய்தி என்று நம் பெரியவர்கள் கேட்ட பீபீசி தமிழோசையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இலங்கை வானொலி வழியாக வந்த அந்த ஒலிபரப்பில் இடையிடையே வெட்டு விழுந்தது. அதனால் 2009 பெப்ரவரியில் பீபீசி தன் நிகழ்ச்சிகளைக் கொடுப்பதை நிறுத்தியது. 2013 மார்ச்சில் மறுபடியும் அதே கதை. வெட்டியதாலேயே அது உண்மை என்று நம்மில் பலர் முடிவெடுத்தார்கள். அது அவசரம். தடைசெய்யப்பட்டது எல்லாம் உண்மை என்றால், 2007 இலிருந்து இங்கே தடைசெய்யப்பட்டிருந்த தமிழ்நெற் இணையத்தளத்தில் புலிகளுக்குப் பாதகமான செய்தி ஏன் அருமையாக இருந்தது? தமிழோசையை நம்பலாம் என்று நாம் சொன்னால் அதற்குக் காரணம் வேறு. 'இதை எங்களால் சுயாதீனமாக உறுதிப்படுத்த முடியவில்லை' என்று அவர்கள் சொல்லிவந்த பழக்கம். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் செய்திக்குத்தான், தெரியும் என்று சொல்லும்போது பெறுமதி உண்டு.

நமக்குப் பிடித்த செய்தியில்தான் இது நமக்குக் கஷ்டம். 2018 இல் மன்னார் நகரில் சதொச கட்டடம் கட்டத் தோண்டிய இடத்தில் எலும்புக்கூடுகள் வந்தன. 300 இற்கும் மேல். பிள்ளைகளுடையதும் இருந்தன. காணாமல் போனவர்களின் தாய்மார் வேலியோரம் வந்து நின்றார்கள். யுத்தகாலப் புதைகுழிதான் என்று பல தமிழ் ஊடகங்கள் உறுதியாகவே எழுதின. 2019 மார்ச்சில் அமெரிக்க ஆய்வுகூடத்தின் காபன் பரிசோதனை முடிவு வந்தது. அனுப்பிய மாதிரிகள் 15 ஆம் நூற்றாண்டுக்கும் 17 ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்றது. அனுப்பியது ஆறு மாதிரிகள்தான், மேலும் பரிசோதிக்க வேண்டும் என்று உறவினர்களின் சட்டத்தரணிகள் கேட்டார்கள். அது அவர்களுடைய உரிமை. ஆனால் நாம் அதிலிருந்து எடுக்க வேண்டியது என்ன? எத்தனையோ முறை ஏமாற்றப்பட்ட சனம் அரசாங்கத்தின் எந்த முடிவையும் நம்பாது, அதில் குற்றமில்லை. அதற்காக முடிவு வருவதற்கு முன்னாலேயே தலைப்புப் போடுகிற பத்திரிகைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியதில்லை. பிழைத்துப்போன ஒரு தலைப்பைக் காட்டியே, உண்மையான நூறு முறைப்பாடுகளையும் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவார்கள். அந்தத் தாய்மாரின் பிள்ளைகள் எங்கே என்ற கேள்விக்கு அந்த ஆய்வுகூடம் பதில் சொல்லவில்லை. அது அப்படியே இருக்கிறது.

இப்போது காலம் மாறிவிட்டது, எல்லாம் போனில் வருகிறது என்று தம்பிமார் சொல்கிறார்கள். 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரலில் கோட்டாபயவுக்கு எதிராகச் சனங்கள் எழும்பியபோதும் சமூக வலைத்தளங்களை அரசாங்கம் மூடியதை நீங்களே பார்த்தீர்கள். 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. எது பொய்த் தகவல் என்று ஓர் ஆணைக்குழு தீர்மானிக்கலாமாம். மூடியிருக்கும் நேரத்தில்தான் குரல்பதிவுகள் லயத்துக்கு லயம் பறக்கும். பெயரில்லாத குரல், 'எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் சொன்னார்' என்று தொடங்கும். அதுவும் ஒரு வட்டாரம்தான், நம்ம வட்டாரம்!

சம்பள விஷயத்திலும் இதே கண் வேண்டும். 2024 மே தினத்தில் கொட்டகலையில் 1,700 ரூபா என்று அறிவித்தார்கள். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் 1,700. வர்த்தமானியை எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதில் எவ்வளவு அடிப்படைச் சம்பளம், எவ்வளவு கொடுப்பனவு என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 1,700 வந்துவிட்டது என்ற தலைப்பின் அளவுக்கு, தடை வந்தது என்ற செய்திக்கு இடம் கிடைத்ததா? கையில் வந்த சம்பளத் துண்டு என்ன சொன்னது? தலைவர்கள் பேசியதை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளும் தோழர்கள் பலர் இருக்கிறார்கள். அதோடு துண்டுகளையும் மாதவாரியாகக் கட்டிவையுங்கள். தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்கள் பல தோட்டத்துப் பழைய துண்டுகளையும் பிறப்புச் சான்றையும் தகரப்பெட்டியில் கொண்டுபோனார்கள். பிறகு சேவைக்காலப் பணம் கேட்டு அலைந்தபோது கைகொடுத்தது அந்தப் பெட்டிதான்.

நேரமாகிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு 2 மணிக்குப் பஸ் பேசாலைக்குப் போகும். கோயிலடியில் சனங்களோடு உட்கார்ந்து பேசப் போகிறோம். ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொள்கிறோம். அங்குள்ள ஆச்சிமாரைக் கண்டவுடன் 'குண்டு போட்டது யாரு?' என்று தொடங்க வேண்டாம். அதைக் கேட்டுக் கேட்டு அவர்கள் களைத்துப்போயிருப்பார்கள், கேட்பவர் யாரென்று பார்த்துப் பதில் சொல்லவும் பழகியிருப்பார்கள். 'அன்றைக்கு நீங்க எங்க இருந்தீங்க ஆச்சி?' என்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். போனில் பதிவுசெய்வதென்றால் அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பெயர் வேண்டாம் என்றால் எழுத வேண்டாம். குறிப்புப் புத்தகம் கொண்டுவராதவர்களுக்கு மேசையில் வைத்திருக்கிறோம், ஒரு வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.